பாலர் நலம் அளந்த கதை



ரப்பர்த் தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்குத் தராசு புதிய பொருளன்று. விடியுமுன் பெரட்டு, பின்பு நிரைக்குச் சென்று பால்வெட்டு, வெயில் ஏறியதும் பால் வாளிகளோடு ஸ்டோர் வாசலில் வரிசை. ஒவ்வொருவர் கொண்டுவந்த பாலும் அளக்கப்பட்டு, நிறுக்கப்பட்டு, கணக்கில் பதியப்படும். ஒரு நாள் பால் குறைந்தால் காரணம் கேட்பார்கள். ஆனால், அந்தப் பாலை வெட்டிய தாய், விடியற்காலையில் ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்ற குழந்தை, சென்ற மாதத்தைவிட எடை கூடியிருக்கிறதா என்று கணக்கு வைத்த தோட்டங்கள் எத்தனை? 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. ஏழு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை, பள்ளிக் கணக்கிலும் இல்லை. பெரட்டுக் கணக்கிலும் இல்லை.

அந்தக் கணக்கில் வராத வயதைப் பற்றியே இன்று பேசப் போகிறோம். பள்ளி வயதுக்கு முற்பட்ட குழந்தையின் உடல்நலம், உணவு, வளர்ச்சி ஆகியவற்றை அளந்து பார்க்கும் வழக்கம் எப்படித் தோன்றியது, அதை நாம் எப்படிப் பயன்படுத்தலாம் என்பதே பொருள்.

நாங்கள் தோட்டப் பள்ளி ஆசிரியர்கள். எங்களிடம் பிள்ளைகள் வரும்போது பாலர் வகுப்புப் பருவம். ஓராண்டு, வகுப்பில் ஒரு சிறுவன் எல்லாரையும்விடச் சிறியவனாக இருந்தான். சுட்டிப் பிள்ளைதான், ஆனால் பத்து மணிக்கெல்லாம் மேசையில் தலை சாய்த்துவிடுவான். அவனை அழைத்துப்போக வந்த பாட்டியிடம் விசாரித்தோம். "எங்க வம்சமே குள்ளந்தான் சார், இவன் மட்டும் எப்படி உசருவான்?" என்று அவர் சிரித்தார். கிளினிக்கில் கொடுத்த நீல அட்டைப் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டோம். மறுநாள் கொண்டு வந்தார். அலமாரியில் துணிகளுக்கு அடியில் பத்திரமாக இருந்ததாம். பிரித்துப் பார்த்தோம். எட்டாம் மாதம் வரை புள்ளிகள் அழகாக ஏறியிருந்தன. அதன்பின் கோடு படுத்துவிட்டது. இரண்டு வயதுக்குப் பிறகு புள்ளிகளே இல்லை.

வம்சம்தான் காரணமென்றால் அந்தக் கோடு முதல் எட்டு மாதம் மட்டும் எப்படி ஏறிற்று? இக்கேள்விக்கு விடை காண, அந்தக் கோட்டின் வரலாற்றையே அறிந்துகொள்ள வேண்டும்.

குழந்தையின் வளர்ச்சியைத் தொடர்ந்து அளந்து குறித்துவைத்தவர்களுள் மிகப் பழையவர் என்று சொல்லத்தக்கவர் பிரான்சு நாட்டு மோன்பெய்யார் பிரபு. 1759-இல் பிறந்த தம் மகனின் உயரத்தை அவன் 18 வயது அடையும் வரை, அதாவது 1777 வரை, விடாமல் அளந்துவந்தார். இயற்கை நூலறிஞர் பூஃபோன் அந்தக் கணக்கைத் தம் பெருநூலின் பிற்சேர்க்கையில் வெளியிட்டார். அது செல்வர் வீட்டுப் பிள்ளையின் கதை. எனினும் அதில் ஓர் உண்மை இருந்தது: பத்துப் பிள்ளைகளை ஒருமுறை அளப்பது வேறு, ஒரே பிள்ளையைப் பலமுறை அளப்பது வேறு. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அந்த வாய்ப்புக் கிட்ட ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆயின.

இந்த வரலாற்றில் அடுத்து வருபவர் நம் நாட்டு மண்ணையும் மிதித்தவர். சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர் 1893-இல் ஜமைக்கா தீவில் பிறந்தார். 1929-இல் ஆங்கில அரசின் மருத்துவப் பணியில், இன்று கானா எனப்படும் கோல்டு கோஸ்ட் நாட்டுக்குச் சென்றார். அங்கே ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளிடம் ஒரு வினோத நோயைக் கண்டார். கைகால் வீங்கும்; தலைமயிர் செம்பட்டையாகும்; தோல் உரியும்; குழந்தை எந்நேரமும் சிணுங்கும்; பிறகு இறந்துவிடும். அவ்வூர்த் தாய்மார் கா மொழியில் அதற்கு வைத்திருந்த பெயர் குவாஷியோர்க்கர். அடுத்த பிள்ளை பிறந்ததும் தாயின் மார்பிலிருந்து இறக்கிவிடப்பட்ட பிள்ளைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். பெயரிலேயே நோயின் காரணம் இருந்தது. தாய்ப்பால் நின்றதும் வெறும் மக்காச்சோளக் கஞ்சியே அப்பிள்ளையின் உணவு. வில்லியம்ஸ் அம்மையார் 1933-இலும் 1935-இலும் மருத்துவ ஏடுகளில் இதை எழுதினார். முன்பே அறியப்பட்ட வேறொரு நோய்தான் இது என்று அன்றைய வல்லுநர் சிலர் மறுத்தார்கள். ஏழைத் தாய்மார் சொன்ன பெயரே இறுதியில் மருத்துவ நூல்களில் நிலைத்தது.

இந்த நோயில் நாம் கருத வேண்டிய ஒரு செய்தி உண்டு. உடலில் நீர் கோத்து வீங்குவதால், நலிந்த குழந்தையும் கொழுகொழுவென்று தோன்றும். தராசும் ஏமாந்துபோகும். ஆகவேதான் இன்றும் சுகாதாரப் பணியாளர்கள் குழந்தையின் இரு பாதங்களையும் கட்டைவிரலால் சற்று நேரம் அழுத்திப் பார்க்கிறார்கள். விரலை எடுத்த பின்னும் இரண்டு பாதத்திலும் குழி நின்றால் அது ஆபத்து. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கன்னம் உப்பியிருப்பதெல்லாம் ஆரோக்கியம் அன்று.

1936-இல் அம்மையார் மலாயாவுக்கு மாற்றப்பட்டார். சிங்கப்பூரில் மருத்துவக் கல்லூரியில் கற்பித்தார். இங்கே அவர் கண்டது வேறு வகைக் கொடுமை. இனிப்புக் கட்டிப்பாலைப் பச்சிளங் குழந்தைக்கு ஏற்ற உணவு என்று விளம்பரம் செய்தார்கள். தாதி போல் உடையணிந்த பெண்கள் வீடு வீடாகச் சென்று அதைப் பரிந்துரைத்தார்கள். நல்ல தாய்ப்பால் இருந்த தாய்மாரும் அதை நிறுத்திவிட்டு டின்னைத் திறந்தார்கள். அந்தப் பாலில் சர்க்கரை மிகுதி. குழந்தைக்கு வேண்டிய புரதமும் வைட்டமின்களும் குறைவு. 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் அவர் ஆற்றிய உரைக்குப் 'பாலும் கொலையும்' என்று பொருள்படும் தலைப்பை வைத்தார். தவறான விளம்பரத்தால் குழந்தை இறந்தால் அதைக் கொலையாகவே கருத வேண்டும் என்று அந்த மேடையிலேயே வாதிட்டார். தாய்ப்பாலுக்கு மாற்றான பொருள்களை விற்பதற்கு உலக நாடுகள் ஒழுங்குமுறை வகுத்தது 1981-இல். இடையில் 42 ஆண்டுகள்!

1941 டிசம்பரில் ஜப்பானியப் படை வந்திறங்கியபோது அவர் திரெங்கானுவில் பணியாற்றிக்கொண்டிருந்தார். தீபகற்பத்தைக் கடந்து சிங்கப்பூர் வந்து சேர்ந்தவர், 1942-இல் சாங்கியில் சிறை வைக்கப்பட்டார். போர் முடியும் வரை அந்த வாழ்வுதான். முகாமில் பசியும் பெரிபெரி நோயும் இருந்தன. அந்நிலையிலும், முகாமில் பிறந்த 20 குழந்தைகளுக்கும் தாய்ப்பாலே ஊட்டப்பட்டது என்றும், இருபதும் பிழைத்தன என்றும் அவர் பெருமையோடு குறிப்பிட்டார். 1948-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் தாய்சேய் நலப் பிரிவுக்கு முதல் தலைவரானார். 1992-இல், 98-ஆம் வயதில் காலமானார்.

நோயைக் கண்டுபிடித்தாயிற்று. ஆனால், நோய் வந்த பின் கண்டறிவதால் பயன் பாதிதான். வருமுன் அறிவது எப்படி? இக்கேள்வியை எடுத்துக்கொண்டவர் டேவிட் மோர்லி என்னும் ஆங்கில மருத்துவர். 1956 முதல் நைஜீரியா நாட்டில் இலேஷா நகரத்து மருத்துவமனையில் பணிபுரிந்த அவர், அருகிலிருந்த இமெசி இலே என்னும் கிராமத்துக் குழந்தைகளைப் பிறந்தது முதல் தொடர்ந்து கவனித்தார். பிள்ளைகள் திடீரென்று நலிவதில்லை என்பதை அங்கே கண்டார். தட்டம்மை, வயிற்றுப்போக்கு, தாய்ப்பால் நிறுத்தம், தாயின் அடுத்த கர்ப்பம் ஆகியவற்றால் முதலில் எடை ஏறுவது நிற்கும். கண்ணுக்குத் தெரியும் நோய் அதன்பின் பல வாரம், பல மாதம் கழித்தே வரும்.

எனவே ஒரு தடித்த அட்டையை அச்சிட்டார். அடியில் மாதங்கள், பக்கவாட்டில் எடை, நடுவே வழிகாட்டியாக இரண்டு வளைகோடுகள். ஒவ்வொரு முறை நிறுக்கும்போதும் ஒரு புள்ளி. புள்ளிகளை இணைத்தால் அந்தக் குழந்தையின் பாதை தெரியும். அதனால்தான் 'நல்வாழ்வுப் பாதை' என்னும் கருத்தில் அதற்குப் பெயரிட்டார்கள். அந்த அட்டையை யார் வைத்திருப்பது? மருத்துவமனை அலமாரியில் அன்று. தாயின் கையில் என்று மோர்லி முடிவு செய்தார். பிளாஸ்டிக் உறையிலிட்டுத் தாய்மாரிடமே கொடுத்தார். படிக்காத பெண்கள் தொலைத்துவிடுவார்கள் என்று பலர் ஐயப்பட்டனர். மருத்துவமனைகள் தொலைத்த பதிவேடுகளைவிடத் தாய்மார் தொலைத்த அட்டைகள் குறைவு என்பதே அவருடைய அனுபவம்.

அந்த அட்டையைப் படிக்க எழுத்தறிவு வேண்டியதில்லை. கோடு மேலே ஏறினால் நன்மை. படுத்தால் எச்சரிக்கை. இறங்கினால் ஆபத்து. எடை எத்தனை கிலோ என்பதைவிட, கோடு எந்தப் பக்கம் போகிறது என்பதே முக்கியம். சிறியதாகப் பிறந்த குழந்தையும் தன் பாதையில் ஒழுங்காக ஏறிக்கொண்டிருந்தால் கவலை குறைவு. பெரியதாகப் பிறந்த குழந்தை இரண்டு மூன்று மாதம் ஏறாமல் நின்றால், அது இன்னும் குண்டாகவே இருந்தாலும் கவனிக்க வேண்டும்.

தராசு இல்லாத இடத்தில் என்ன செய்வது? அதற்கும் வழி கண்டார்கள். ஒரு வயது முதல் ஐந்து வயது வரை குழந்தையின் மேற்கையின் சுற்றளவு அதிகம் மாறுவதில்லை. குழந்தைக் கொழுப்பு குறைய, தசை அந்த இடத்தை நிரப்புகிறது. ஆகவே வயது சரியாகத் தெரியாத பிள்ளையையும் கையைச் சுற்றி அளந்தே ஓரளவு மதிப்பிடலாம். 1967 முதல் 1970 வரை நைஜீரிய உள்நாட்டுப் போரின்போது, நிவாரணப் பணியாளர்கள் கைச்சுற்றளவையும் உயரத்தையும் ஒப்பிடும் அளவுகோலோடு பசித்த பிள்ளைகளைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். 1974-இல் ஈராக் மருத்துவர் ஷாக்கிரும் மோர்லியும் மூன்று நிறப் பட்டை ஒன்றை அறிமுகப்படுத்தினார்கள். இன்று ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைக்கு, 12.5 செண்டிமீட்டரும் அதற்கு மேலும் பச்சை; 11.5-க்கும் 12.5-க்கும் இடைப்பட்டது மஞ்சள்; 11.5-க்குக் கீழ் சிவப்பு. சிவப்பு என்றால் உயிருக்கே ஆபத்து என்று பொருள்.

அதே 1970-களில் ஜான் வாட்டர்லோ என்னும் அறிஞர், நலிவில் இரண்டு வகை உண்டென்று தெளிவுபடுத்தினார். உயரத்துக்கு ஏற்ற எடை இல்லாதது மெலிவு. அது அண்மைப் பசியின் அடையாளம். வயதுக்கு ஏற்ற உயரம் இல்லாதது குட்டை வளர்ச்சி. அது நெடுநாட் குறையின் அடையாளம். மெலிந்த பிள்ளையை எவரும் கண்டுகொள்வர். குட்டை வளர்ச்சியுற்ற பிள்ளையை யாரும் கவனிப்பதில்லை. இரண்டு வயது இளையது என்று எண்ணிக் கடந்து போய்விடுவார்கள். எங்கள் சிறுவன் இந்த இரண்டாம் வகை.

நிறுப்பதால் மட்டும் பிள்ளை வளர்ந்துவிடுமா? வளராது. 1980-களில் ஐக்கிய நாட்டுக் குழந்தைகள் நிதியம் வளர்ச்சிக் கண்காணிப்பை உலகெங்கும் பரப்பியபோது, பல இடங்களில் அது வெறும் சடங்காயிற்று. நிறுத்தார்கள், எழுதினார்கள், அனுப்பிவிட்டார்கள். நிறுத்தபின் செயலில் இறங்கிய இடங்களும் உண்டு. தமிழ்நாட்டில் 1980-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், 6 முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்தார்கள். எடை ஏறாத பிள்ளையைத் தேர்ந்து 90 நாள் துணை உணவு கொடுத்தார்கள். தாய்க்கு அறிவுரையும் கூறினார்கள். நம் மலேசியாவில் 1989-இல், வறிய குடும்பத்துச் சத்துக்குறைவுற்ற பிள்ளைகளுக்கு மாதந்தோறும் உணவுப்பொருள் வழங்கி மீட்கும் திட்டம் தொடங்கப்பட்டது. அங்கே தராசின் முள் ஒரு முடிவைச் சொன்னது. அந்த முடிவுப்படி ஒரு செயல் நடந்தது.

இனிப் பாட்டியின் சொல்லுக்கு வருவோம். 'எங்க வம்சமே குள்ளந்தான்.' இந்த எண்ணம் அவருக்கு மட்டும் உரியதன்று. ஆசியப் பிள்ளைகள் பிறவியிலேயே சிறியவர்கள், அவர்களுக்குத் தனி அளவு வேண்டும் என்று படித்தவர்களும் நெடுங்காலம் வாதிட்டு வந்தார்கள். இதைத் தீர்க்க உலகச் சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை பெரியதோர் ஆய்வு நடத்தியது. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில், தாய்ப்பால் உண்டு, புகையிலைப் புகை படாமல், நல்ல பராமரிப்பில் வளர்ந்த ஏறத்தாழ 8,500 குழந்தைகளை அளந்தார்கள். டில்லிப் பிள்ளையும் ஓஸ்லோப் பிள்ளையும் ஐந்து வயது வரை ஏறக்குறைய ஒரே மாதிரி வளர்ந்தார்கள். அந்த அளவுகள் 2006-இல் உலகத் தரமாக வெளியிடப்பட்டன. பெற்றோரின் உயரம் பிள்ளையின் உயரத்தில் ஓரளவு தெரியும், அது உண்மை. ஆனால் ஒரு கூட்டத்துப் பிள்ளைகளெல்லாம் குட்டையாக இருந்தால் அதற்கு இரத்தம் காரணமன்று. உணவும் நோயும் வறுமையும்தான் காரணம்.

இது பழைய கதை என்று எண்ணிவிட வேண்டாம். நம் நாட்டில் 2019-இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 21.8 விழுக்காட்டினர் குட்டை வளர்ச்சியுற்றவர்கள். ஐவரில் ஒருவருக்கும் மேல்! தோட்டத்தை விட்டு நகரத்து அடுக்குமாடிக்குக் குடியேறினாலும், காலையில் இனிப்புக் கோப்பியும் பிஸ்கட்டும் கொடுத்துப் பிள்ளையை அமர்த்தும் பழக்கம் நம்மோடு கூடவே வந்துவிட்டது.

உடல் வளர்ந்தால் போதுமா? அறிவும் மனமும் வளர வேண்டாமா? இதற்கு விடை சிசிலி அம்மையார் பிறந்த அதே ஜமைக்காவிலிருந்து வந்தது. 1980-களின் பிற்பகுதியில், கிங்ஸ்டன் நகரில் குட்டை வளர்ச்சியுற்ற 129 குழந்தைகளைச் சேலி கிரந்தம் மெக்கிரெகர் என்னும் மருத்துவரும் உடன் பணியாற்றியோரும் நான்கு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குப் பால் உணவு. ஒரு பிரிவுக்கு வாரம் ஒருமுறை வீட்டுக்கு ஆள் சென்று, தாய்க்குப் பிள்ளையோடு பேசி விளையாடக் கற்பித்தல். ஒரு பிரிவுக்கு இரண்டும். ஒரு பிரிவுக்கு இரண்டும் இல்லை. இரண்டு ஆண்டு இப்படி நடந்தது. உணவு, விளையாட்டு இரண்டுமே பிள்ளைகளின் மன வளர்ச்சியைக் கூட்டின. இரண்டும் பெற்றவர்கள் மற்றவர்களை மிஞ்சினார்கள். இருபது ஆண்டு கழித்து விசாரித்தபோது, விளையாட்டுப் பெற்ற பிள்ளைகள், பெறாதவர்களைவிட ஏறத்தாழ 25 விழுக்காடு கூடுதலாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். விலையுயர்ந்த பொம்மைகள் கொண்டு அவர்கள் விளையாடவில்லை. வீட்டில் கிடைத்த டப்பாவும் மூடியும் படமும் பாட்டுமே போதுமானவையாக இருந்தன.

ஆகவே, தாய்மாரே, தந்தைமாரே, ஒரு பிள்ளையைப் பற்றி மூன்று கேள்விகளை நாம் தவறாமல் கேட்க வேண்டும்.

முதலாவது, கோடு ஏறுகிறதா? பிறந்தபோது இருந்த எடை ஏறத்தாழ ஐந்தாம் மாதத்தில் இரு மடங்காகும், ஓராண்டில் மும்மடங்காகும். கிளினிக்கில் சொல்லும் நாளில் தவறாது நிறுக்க வேண்டும். இரண்டு வயது வரை படுக்கவைத்தும், பின்பு நிற்கவைத்தும் உயரம் அளக்க வேண்டும். ஊசி போட்டு முடிந்துவிட்டது என்று இரண்டு வயதோடு புத்தகத்தை மூடிவிடக் கூடாது.

இரண்டாவது, நேற்று விடிந்தது முதல் படுக்கும் வரை பிள்ளை என்ன சாப்பிட்டது? "எல்லாம் சாப்பிடுவான்" என்று பொதுவாகச் சொல்லாமல், ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்க வேண்டும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். அதன்பின் தாய்ப்பாலோடு, சோறு, பருப்பு பயறு, மீன் அல்லது இறைச்சி, முட்டை, பால் தயிர், மஞ்சள் நிறப் பழமும் கீரையும், மற்றக் காய்கனி என்று எண்ணினால் எட்டு வகை வரும். இரண்டு வயதுக்குள் உள்ள பிள்ளைக்கு நாள்தோறும் எட்டில் ஐந்தாவது சேர வேண்டும் என்பது இன்றைய அளவுகோல். நெத்திலியைப் பொடித்துப் போட்ட பருப்புச் சோறும், கொல்லையில் பறித்த முருங்கைக் கீரையும், ஒரு முட்டையும் இதில் பாதி வேலையை முடித்துவிடும்.

மூன்றாவது, பிள்ளை என்ன செய்கிறது, என்ன பேசுகிறது? ஒன்றரை வயதுக்குள் தானே நடக்க வேண்டும். இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேச வேண்டும். கொஞ்சம் முன்பின் இருக்கலாம். மிகவும் பிந்தினால், காதையும் கண்ணையும் பரிசோதிக்கத் தாதியிடம் காட்ட வேண்டும். அதோடு, நாம் அந்தப் பிள்ளையிடம் ஒரு நாளில் எவ்வளவு நேரம் பேசினோம் என்றும் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

எங்கள் சிறுவனின் கதையை முடித்துவிடுகிறோம். அவன் கோடு படுத்த எட்டாம் மாதத்தில் என்ன நடந்தது என்று தாயிடம் கேட்டோம். வேலைக்குத் திரும்பினாராம், தாய்ப்பால் நின்றதாம், வயிற்றுப்போக்கு இருமுறை வந்ததாம், பிறகு கஞ்சியும் இனிப்புப் பாலும்தானாம். யாரையும் குறை சொல்ல அதில் ஒன்றுமில்லை. அந்தக் கோட்டைப் படித்துச் சொல்ல அன்று ஒருவரும் இல்லை என்பதே குறை. கிளினிக்குக்கு அனுப்பினோம். அவன் இப்போது காலையில் தலை சாய்ப்பதில்லை. இழந்த உயரம் முழுவதும் திரும்புமென்று நாங்கள் அவர்களுக்கு வாக்குக் கொடுக்கவில்லை. முதல் இரண்டு ஆண்டில் இழந்ததைப் பின்னால் ஈடுசெய்வது கடினம்.

ஆனால் அவனுக்குத் தம்பி ஒருவன் பிறந்திருக்கிறான். அண்மையில் அந்த வீட்டுக்குச் சென்றிருந்தோம். தம்பியின் நீலப் புத்தகம் அலமாரியில் இல்லை. சுவரில், நாட்காட்டிக்குப் பக்கத்து ஆணியில், பிளாஸ்டிக் பையில் தொங்குகிறது. பதினோரு மாதம்; பதினோரு புள்ளிகள். பாட்டியே எடுத்துக் காட்டினார். "பாருங்க சார், ஏறிக்கிட்டுத்தான் இருக்கு" என்றார். வம்சத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

நேயர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் அந்தப் புத்தகத்தைத் தேடி எடுங்கள். கடைசிப் புள்ளி எந்த மாதத்தில் நிற்கிறது என்று பாருங்கள்.